மாதம் 15,000 மிஞ்சுகிறது, எதில் போட்டால் கூட வட்டி?

25 வயது, இலங்கையில் ஹட்டனில் தனியார் வேலை, சம்பளம் 85,000, வீட்டுக்குக் கொடுத்தது போக 15,000 மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வருஷம் வட்டியைத் துரத்தாதீர்கள். மாதம் 15,000 போட்டால் வருஷக் கடைசியில் 180,000. சராசரியாகப் பார்த்தால் வருஷம் முழுக்கக் கணக்கில் கிடப்பது ஒரு இலட்சத்துக்கும் குறைவு. ஓரிடத்தில் 2 வீதம் கூடக் கிடைத்தாலும் வித்தியாசம் 2,000 ரூபாயை எட்டாது. தீபாவளிக்கோ சொந்தத்தில் ஒரு சடங்குக்கோ ஒருமுறை கை வைத்தால் அதைவிடப் பெரிய ஓட்டை விழும். ஏடிஎம் அட்டை எடுக்காத இன்னொரு கணக்கைத் திறந்து, சம்பளத்துக்கு மறுநாளே 15,000 அங்கே போகும்படி வங்கியில் நிலையியற் கட்டளை கொடுங்கள்.

அடுத்து சம்பளச் சீட்டு. இதை யாரும் முதலீடு என்று நினைப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஓய்வுக்காக உங்கள் பெயரில் சேரும் காசு) உங்களிடம் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். உங்கள் பெயரில் சேரும் இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். 85,000க்கு முதலாளி பங்கு மட்டும் 12,750. பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் 40,000 என்று காட்டி மீதியை 'படி' என்று எழுதுவார்கள். அப்போது அவர்கள் கட்டுவது 6,000தான், மாதம் 6,750 உங்களுக்கு நட்டம். வாழ்க்கைச் செலவுப் படி, உணவுப் படி எல்லாம் கணக்கில் சேர வேண்டியவை; மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. வெட்டிய காசைக் கட்டாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை வாங்கி, அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். காசு கட்டப்படவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து என்பது நம் பக்கத்தில் சாதாரணம். அதை இப்போதே திருத்துங்கள். 55 வயதில் காசு எடுக்கப் போகும்போது திருத்துவது பெரிய அலைச்சல்.

கடனட்டையில் கட்ட வேண்டிய மிகுதியோ அடகில் நகையோ இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அந்த வட்டியைத் தாண்டித் தரும் வைப்பு எதுவும் இல்லை. சீட்டு இதற்கு மட்டும் உதவும். 10 பேர் 10,000 வீதம் போடும் குலுக்கல் சீட்டில் முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுப்பவர் மற்றவர்களுக்கு வட்டியில்லாமல் கொடுத்தவர்.

மூன்று மாதச் செலவு சேர்ந்த பிறகுதான் நிலையான வைப்பு. ஒரே வைப்பாகப் போடாமல் மூன்று நான்காகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் அதன் வட்டி மட்டும் குறையும். முதிர்வுக்குச் சில வாரமே இருந்தால் உடைக்காமல் அதன் மேல் கடன் எடுப்பது இலாபம். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள் (2025 ஏப்ரல் வரை 5 வீதம்). உங்கள் வருஷ வருமானம் வரி தொடங்கும் 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பதால், டின் இலக்கம் (வரி செலுத்துவோர் இலக்கம்) எடுத்து, கணக்குள்ள ஒவ்வொரு வங்கியிலும் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் அந்த வரியைப் பிடிக்க மாட்டார்கள். பலர் கொடுப்பதில்லை, சோம்பல்தான்.

நிதிக் கம்பனிகள் கூடுதல் வட்டி தரும். மத்திய வங்கியின் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் விழுந்தால் வைப்புக்குக் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். 2020இல் சில நிதிக் கம்பனிகள் விழுந்தபோது அந்த வரம்பு வெறும் 6 இலட்சம். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வாட்ஸ்அப்பில் வருவது பிரமிட் திட்டம். சட்டப்படி குற்றம், சேர்த்துவிட்டவரும் மாட்டுவார்.

திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடன்) 91, 182, 364 நாள் தவணைகளில் வருகிறது. பாதுகாப்பானது, ஆனால் சின்னத் தொகைக்குச் சரிவராது. அதற்குப் பணச் சந்தை யூனிட் டிரஸ்ட் போதும்; பலரின் காசைச் சேர்த்து இப்படியான குறுகிய காலக் கடன்களில் போடும் நிதி அது. பலவற்றில் 1,000 ரூபாயிலேயே தொடங்கலாம், கேட்டால் ஓரிரு வேலை நாளில் காசு வரும். வைப்புக் காப்புறுதி மட்டும் இதற்கு இல்லை.

பங்குச் சந்தைக்கு ஐந்து வருஷம் தொடத் தேவையில்லாத காசு வேண்டும். வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம் கழியும். வாரத்துக்கு வாரம் வாங்கி விற்றால் தரகருக்குத்தான் உழைப்பீர்கள். நாம் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தை நடத்தும் கம்பனி என்பதற்காக அதன் பங்கை வாங்காதீர்கள். சம்பளப் பிரச்சினையும் தேயிலை விலையும் சேர்ந்து அந்த விலையை ஆட்டும். பங்குகளை வைத்திருக்கும் சீடிஎஸ் கணக்கு திறக்க விலாச ஆதாரம் கேட்பார்கள். லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீடு) மின் பட்டியல் உங்கள் பெயரில் இருக்காது, ஆகவே கிராம சேவகர் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.