ஓவர்கிளாக் செய்ய எந்த கூலர், எந்த மதர்போர்டு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கும் கொஞ்சம் கேமுக்குமாக இன்டெலின் ஐ5-14600கே பிராசசர் போட்டு பிசி அசெம்பிள் செய்யப் போகிறேன் சார். ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, 5.6 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்ட ஆசை. பி760 போர்டே போதும், அதிலும் ஓவர்கிளாக் வரும், மிச்சமாகும் காசில் 360 மி.மீ. லிக்விட் கூலர் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். என் அறையில் ஏசி கிடையாது, மே மாதம் உள்ளே 38 டிகிரி வரை போகும். அவர் சொல்வது சரியா? (மதுரை வாசகர்)

பதில்: பாதி சரி, பாதி வியாபாரம். பி760-ல் ஓவர்கிளாக் வரும்தான், ஆனால் ராமுக்கு மட்டும். பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை அந்த போர்டின் சிப்செட் திறந்துவிடாது. இன்டெலில் 5.6-க்கு ஏற்ற வேண்டுமென்றால் கே எழுத்து உள்ள பிராசசரும் வேண்டும், இசட் வரிசை போர்டும் வேண்டும், உங்களுக்கு அது இசட்690 அல்லது இசட்790. கே பிராசசரை பி760-ல் போட்டால் கம்பெனி வைத்த வேகத்தில் நன்றாகவே ஓடும், ஆனால் கே-க்காகக் கொடுத்த கூடுதல் காசில் பெரும்பகுதி வீண்.

ஆனால் போர்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். இந்த பிராசசரின் பெரிய கோர்கள் ஓவர்கிளாக் இல்லாமலேயே 5.3 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும், உச்ச மின்சாரம் 181 வாட் என்பது இன்டெல் கொடுத்த கணக்கு. 5.6 என்பது இன்னும் ஆறு சதவீதத்துக்கும் குறைவான வேகம்தான். அந்த வேகத்தில் ஹேங் ஆகாமல் நிற்க வோல்டேஜை ஏழு சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஒவ்வொரு சிப்புக்கும் இது மாறும்). மின்சாரச் செலவு வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும் என்பதால் வாட் 20 சதவீதத்துக்கு மேல் கூடி 220-ஐத் தொடும். அதாவது ஆறு சதவீத வேகத்துக்கு இருபது சதவீதச் சூடு.

இப்போது அறைக்கு வருவோம். எந்த சாதாரண கூலரும், லிக்விட் ஆனாலும் சரி, அறையின் காற்றை விடக் குளிர்ச்சியாக பிராசசரை வைக்க முடியாது, அறையின் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். 181 வாட்டில் 50 டிகிரி ஏற விடும் ஒரு கூலரை எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூப்காரர் 24 டிகிரி ஏசி அறையில் சோதித்தால் 74 என்று காட்டுவார், கமென்டில் எல்லோரும் கை தட்டுவார்கள். அதே கூலர் உங்கள் 38 டிகிரி அறையில் 88 காட்டும். 220 வாட் ஆக்கினால் ஏற்றம் 61 டிகிரி ஆகும், கூட்டினால் 99. இந்த பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் எல்லை 100 டிகிரி. ஏற்றிய வேகமெல்லாம் அங்கே திரும்பிப் போய்விடும். மார்கழியில் வேண்டுமானால் ஓட்டிப் பார்க்கலாம்.

360 லிக்விட் கூலர் இந்த எண்ணைக் கொஞ்சம் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் விஆர்எம் பகுதிதான் எஸ்எம்பிஎஸ்-ஸிலிருந்து (பவர் சப்ளை) வரும் 12 வோல்ட்டை சுமார் 1.3 வோல்ட்டாக இறக்கி பிராசசருக்குக் கொடுக்கிறது. 220 வாட்டுக்கு அது கிட்டத்தட்ட 170 ஆம்பியர். அதில் பத்து சதவீதம் வீணானாலே 20 வாட்டுக்கு மேல் சூடு அந்தச் சின்ன இடத்தில் கிளம்பும். டவர் ஏர் கூலரின் ஃபேன் காற்றில் கொஞ்சம் அங்கேயும் படும். லிக்விட் போட்டால் சாக்கெட் மேல் பம்ப் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும், அந்தப் பகுதியில் காற்று அதிகம் அசையாது. விலை குறைந்த போர்டு, பெரிய லிக்விட் கூலர், ஏசி இல்லாத அறை, இந்த மூன்றையும் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான கூட்டணி, கடைக்காரர் உங்களுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

ஓவர்கிளாக் செய்தே தீருவேன் என்றால் நடுத்தர விலை இசட்790 போர்டு போதும். பெட்டியில் 16+1 ஃபேஸ் (விஆர்எம்மில் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் பிரிவுகள்) என்று போட்டிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், அதில் ஒவ்வொரு ஸ்டேஜும் எத்தனை ஆம்பியர் தாங்கும், அதன் மேல் சூட்டை இழுக்கும் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா, இல்லை பெயருக்கு ஒரு தகடா என்று பாருங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 ராம் இரண்டுக்கும் தனித்தனி போர்டு மாடல் உண்டு, வாங்கும்போது மாறிவிடக் கூடாது. கூலருக்கு, இரண்டு 120 மி.மீ. ஃபேன் உள்ள இரட்டை டவர் ஏர் கூலர், உதாரணமாக தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. உயரம் 155 மி.மீ., உங்கள் கேபினட் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இன்டெலின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் அதிக வோல்டேஜ் போய் சிப் கெட்டுப்போகும் பிரச்சினை 2024-ல் வெளிவந்தது. 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஏற்றாமல் எதையும் தொடாதீர்கள்.

என்னைக் கேட்டால்? கே-யையும் இசட்790-ஐயும் விட்டுவிடுங்கள். கே இல்லாத ஐ5, நல்ல ஹீட்சிங்க் உள்ள பி760, ஏர் கூலர், மிச்சமாகும் காசுக்கு கூடுதல் ராமும் ஒரு படி மேலான கிராபிக்ஸ் கார்டும். எடிட்டிங்கில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், 300 மெகாஹெர்ட்ஸ் தெரியாது.

கேள்வி: ரைசன் 7 7700எக்ஸ் வாங்கினேன். ரெண்டர் போட்டதும் 95 டிகிரியில் போய் நிற்கிறது. கூலரை மாற்றித் தரச் சொன்னால் கடையில் மறுக்கிறார்கள். (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் கூலரைக் கழற்றி அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை உரித்தார்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறைய பேர் அதோடேயே மாட்டிவிடுகிறார்கள். அது இல்லையென்றால் கூலர் மேல் குற்றம் இருக்க வேண்டியதில்லை. அந்த பிராசசர் முழு வேலையில் 95 டிகிரி வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படிதான் ஏஎம்டி அமைத்திருக்கிறது, நல்ல கூலர் போட்டாலும் அந்தப் பக்கமே போகும். பயாஸில் ஈகோ மோடை 65 வாட்டில் வைத்துப் பாருங்கள், 65 என்பது அந்த அமைப்பின் பெயர்தான், சாக்கெட்டுக்கு 142 வாட் போன இடத்தில் 88 வாட் போகும், சூடு மளமளவென்று இறங்கும், வேகம் அந்த அளவுக்கு இறங்காது. அப்புறம் கோர்களின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 10-ல் ஆரம்பித்து மெதுவாகக் குறைக்கலாம். இதுவும் ஓவர்கிளாக் கணக்கில்தான் சேரும், அதனால் கெட்டுப்போனால் வாரண்டி கேட்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

கேள்வி: பெட்டி இல்லாத ட்ரே பிராசசர் 2,000 ரூபாய் குறைவு என்றார்கள். பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூட வேண்டுமாம். வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: ரிச்சி தெருவில் ஒருமுறை நடந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். வாங்காதீர்கள். பெட்டியோடு வரும் இன்டெல் பிராசசருக்கு கம்பெனியே நேரடியாக வாரண்டி தரும், ட்ரேக்கு விற்றவர்தான் பொறுப்பு, விற்றவரிடம் பில்லே இல்லையென்றால் யாரிடம் போவீர்கள்? விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதை 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் போட்ட காலத்துக்குள், காலம் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தால் மிரள வேண்டாம். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள், அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. ஓவர்கிளாக் செய்து நீங்களே எரித்த பிராசசரோடு மட்டும் அங்கே போகாதீர்கள்.

கேள்வி: ஆறு வருடம் ஓடிய 240 மி.மீ. லிக்விட் கூலர் இருக்கிறது. ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட் உள்ள புது போர்டில் மாட்டலாமா? (சேலம் வாசகர்)

பதில்: மாட்ட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். அதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் போர்டோடு வந்த பின்தகட்டையே பயன்படுத்தும் கூலர் என்றால் ஏஎம்5-லும் உட்காரும், தனக்கென்று வேறு தகடு கேட்கும் கூலர் உட்காராது, ஏனென்றால் ஏஎம்5-ல் அந்தத் தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது. ஆனால் ஆறு வருடத்தில் குழாய் வழியே திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகியிருக்கும், பம்பும் தேய்ந்திருக்கும். களகளவென்று சத்தம் கேட்கிறதென்றால் காற்று புகுந்துவிட்டது. புது பிராசசரை அதை நம்பி வைக்க மாட்டேன். ரேடியேட்டரில் உள்ள இரண்டு ஃபேனும் நன்றாகச் சுற்றினால் கழற்றி கேபினட்டின் முன்பக்கம் மாட்டுங்கள், மற்றதைப் பழைய இரும்புக்குப் போடலாம்.