அந்த மகரந்தம் எந்த மரத்தினுடையது?

அன்புள்ள ஐயா,

இந்தியாவின் பேர்மியன் காலத்து (ஏறத்தாழ 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) நிலக்கரியில் கிடைக்கும், இருபுறமும் காற்றுப்பை கொண்ட மகரந்தமணி ஒன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதன் பெயர் புரோட்டோஹப்லொக்சிபைனஸ், ஆனால் அதை உண்டாக்கியது குளோசோப்டெரிஸ் என்ற அழிந்துபோன மரம் என்கிறீர்கள். நேராகக் குளோசோப்டெரிஸ் மகரந்தம் என்றே பெயர் வைத்தால் என்ன? எங்கள் கோணேசர் மலைப் பாறையிலும் இப்படி ஏதும் கிடைக்குமா?

உயர்தர உயிரியல் மாணவி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

கோணேசர் மலையை முதலில் முடித்துவிடுகிறேன். கிடைக்காது. அந்தப் பாறை மகரந்தம் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு வெகு முன்பே உருவானது, போதாததற்குக் கடும் வெப்பத்தில் உருமாறியும் விட்டது. இலங்கையில் தேடுவதென்றால் புத்தளம் பக்கம், தப்போவவிலும் ஆண்டிகமவிலும் உள்ள யுராசிக் படிவுகளுக்குத்தான் போகவேண்டும்.

சரி, பெயர் விஷயம். பாறைத்துண்டை ஐதரோகுளோரிக், ஐதரோபுளோரிக் அமிலங்களில் போட்டால் கல் கரைந்துவிடும், மகரந்தத்தின் வெளிச்சுவர் மிஞ்சும். (இரண்டாவது அமிலத்தின் கிட்டவும் போகாதீர்கள், எலும்புவரை தின்னும்.) மிஞ்சுவது உதிரி மணிகள். இலையும் இல்லை, கூம்பும் இல்லை. ஆகவே கண்ணில் படுவதைத்தான் எழுத முடியும்: பை ஒன்றா இரண்டா, நடு உடலில் பட்டைபட்டையாகக் கோடுகள் உண்டா, பள்ளம் எந்தப் பக்கம், நீளம் எத்தனை மைக்ரோமீட்டர். பெயர் அந்த வடிவத்துக்குத்தான். 1950களில் பொட்டோனியே, கிரெம்ப் என்ற இரு மகரந்த ஆய்வாளர்கள் வகுத்த முறையும் இதுவே. பை உள்ளவற்றை ஒரே பிரிவில் போட்டார்கள், உறவு பார்க்கவில்லை. செயற்கையான வகுப்புத்தான், ஆனாலும் எனக்கு அதில் குறை தெரியவில்லை.

குளோசோப்டெரிஸ் இலைகளோடு கிடைத்த மகரந்தப்பைகளுக்குள் இந்த மணி இருந்ததால்தான் மரம் தெரிந்தது. ஆனால் அதே வகை மணி ரஷ்யாவின் பேர்மியன் பாறைகளிலும் உண்டு. அங்கே குளோசோப்டெரிஸ் வளரவில்லை, வேறொரு விதைத்தாவரக் கூட்டம் அதை உண்டாக்கியது. நீங்கள் சொல்கிறபடி பெயர் வைத்தால் இல்லாத காட்டை அங்கே நட்டுவிடுவோம்.

இதைவிடக் கிட்டத்தில் ஒன்று. சைக்கஸ், கிங்கோ என்ற இரு வித்துமூடியிலிகளின் (பூவில்லாத விதைத்தாவரங்களின்) மணியும் படகு வடிவம், நீளவாக்கில் ஒரே பள்ளம். தென்னையின் மணியும் அப்படித்தான், அது வித்துமூடியுளியாக (பூக்கும் தாவரமாக) இருந்தும்! சுவரை வெட்டி இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்: சைக்கஸ் சுவரின் உள்ளே தேன்கூடு போன்ற அறைகள், தென்னையில் சிறு தூண்கள்.

பாடசாலை நுணுக்குக்காட்டியில் தென்னம்பூ மகரந்தத்தை நீங்களே பார்க்கலாம். முதலில் தண்ணீர் விடாமல் பாருங்கள். ஈரம் பட்டதும் மணி ஊதி, பள்ளம் விரிந்து, படகு உருண்டையாகிவிடும்.