மருத்துவமனை பில்லைக் கட்ட 401(கே) ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் கை வைக்கலாமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோ நகரில் வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நால்வர் உள்ள குடும்பத்தில் நான் ஒருவனே சம்பாதிக்கிறேன். ஆண்டு வருமானம் 1,18,000 டாலர். 2025 செப்டம்பரில் ஓர் இரவு என் மனைவிக்கு நெஞ்சு வலி வந்தது. 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தோம். வந்த ஆம்புலன்ஸ் அருகிலிருந்த லாபநோக்கற்ற மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது. மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்து மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மருத்துவமனை எங்கள் காப்பீட்டின் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டோடு கட்டண ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது மருத்துவமனை 6,975 டாலரும், அவசரப் பிரிவு மருத்துவர் குழு தனியாக 1,260 டாலரும், ஆம்புலன்ஸ் நிறுவனம் 1,740 டாலரும் கேட்கின்றன. கடைசியாகச் சொன்ன தொகைக்குக் கலெக்‌ஷன் ஏஜென்சி என்னும் கடன் வசூல் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்து பன்னிரண்டு நாளும் ஆயிற்று. மாதந்தோறும் பிரீமியம் கட்டுகிறேன், வரி கட்டுகிறேன், தேர்தல் தவறாமல் வாக்களிக்கிறேன். ஆனாலும் எதற்காக எவ்வளவு கேட்கிறார்கள் என்று சொல்ல இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனையைக் கேள் என்கிறது. மருத்துவமனை காப்பீட்டைக் கேள் என்கிறது. மாநில அரசு அலுவலகமோ இது எங்கள் பொறுப்பில் வராது என்றது. கௌரவமாகக் கட்டி முடித்துவிட நினைக்கிறேன். 401(கே) கணக்கிலிருந்து 10,000 டாலர் எடுப்பதா, கிரெடிட் கார்டில் போடுவதா?

பதில்: உங்கள் மனைவிக்கு இதயத்தில் கோளாறு இல்லை என்பது பெரிய ஆறுதல். இரண்டும் வேண்டாம் என்பதே உங்கள் கேள்விக்கு என் விடை. மூன்று பில்களையும் கூட்டினால் 9,975 டாலர் வருகிறது. அவ்வளவும் நீங்கள் தர வேண்டிய கடன் என்பதை நான் ஏற்கவில்லை. நீங்கள் அனுப்பிய காப்பீட்டு விளக்கத் தாள்களோடு, அதாவது இஓபி என்று நாம் சொல்லும் தாள்களோடு, ஒப்பிட்டுப் பார்த்ததில், அதில் 4,005 டாலர் உங்களிடம் கேட்கவே சட்டம் இடம் தராத தொகையாகத் தெரிகிறது.

கௌரவமாகக் கட்டி முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பாக்கியைத் தீர்த்த பிறகே நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் ஊரில் வளர்ந்தவர்கள் நாம். மருத்துவமனைக்குப் பாக்கி வைப்பது நமக்கு மானக்கேடாகத் தோன்றும். அமெரிக்காவில் நடைமுறை தலைகீழ். இங்கே முதலில் வரும் பில், கேட்பவர் தம் பக்கத்திலிருந்து எழுதி அனுப்பும் ஒரு தொகை மட்டுமே. அதை மறுத்து எழுதவும், விவரம் கேட்கவும், குறைக்கச் சொல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கட்டிவிட்டாலோ, அந்த உரிமையைப் பயன்படுத்துவது பல மடங்கு கடினமாகிவிடும். 2019 இல் என் மகனுக்குக் கை முறிந்தபோது, வந்த பில்லை மூன்றே நாளில் கட்டினேன். ஒரே எக்ஸ்ரேக்கு இரண்டு முறை பணம் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைத் திரும்பப் பெற ஏழு மாதங்கள் ஆயின. கட்டாமல் கேள்வி கேட்டிருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

கிரெடிட் கார்டு வேண்டாம் என்பதற்கு, 20 விழுக்காட்டுக்கு மேல் போகும் வட்டி ஒரு காரணம் மட்டுமே. மருத்துவக் கடனாக இருக்கும் வரை அதற்குச் சில பாதுகாப்புகள் உண்டு. கார்டில் ஏற்றிய நொடியில் அது சாதாரணக் கார்டு கடனாக மாறிவிடுகிறது, அந்தப் பாதுகாப்புகளும் போய்விடுகின்றன. மருத்துவமனைக் கவுன்டரிலேயே நீட்டப்படும் மருத்துவக் கடன் அட்டைகளும் இப்படியே. ‘வட்டியில்லாத காலம்’ முடிவதற்குள் முழுத்தொகையும் கட்டப்படாவிட்டால், தொடக்க நாளிலிருந்து வட்டியைச் சேர்த்துக் கேட்பவை அவற்றில் உண்டு.

401(கே) கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் 10 விழுக்காடு கூடுதல் வரி. உங்கள் வருமானத்துக்கு மத்திய வரி விகிதம் 12 விழுக்காடு. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்றாலும், எடுக்கும் ஒவ்வோர் ஆயிரத்திலும் 780 டாலர்தான் உங்கள் கைக்கு வரும். மருத்துவச் செலவுக்கு அந்த 10 விழுக்காட்டிலிருந்து விலக்கு உண்டு என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். அது உண்மை, ஆனால் ஆண்டு வருமானத்தில் 7.5 விழுக்காட்டுக்கு, அதாவது உங்கள் கணக்கில் சுமார் 8,850 டாலருக்கு, மேற்பட்ட செலவுக்கு மட்டுமே அது பொருந்தும். அந்தக் கணக்கிலுள்ள பணத்தைச் சாதாரணக் கடன்காரர் எவரும் தொட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிக் காக்கப்பட்ட பணத்தை வெளியே எடுத்து, இன்னும் நிரூபிக்கப்படாத கடனுக்குக் கொடுப்பது சரியல்ல.

இனி 4,005 டாலர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2020 டிசம்பரில் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டத்தின்படி, அவசரச் சிகிச்சைக்காகச் சென்ற மருத்துவமனை நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும், நெட்வொர்க்கில் இருந்திருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டிய பங்கை மட்டுமே உங்களிடம் வாங்கலாம். மிச்சத்தை அவர்களும் காப்பீட்டு நிறுவனமும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் திட்டத்தில் குடும்ப டிடக்டபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நீங்களே கட்ட வேண்டிய தொகை, 4,000 டாலர். அதில் 1,500 டாலரை ஏற்கெனவே செலவழித்திருந்தீர்கள். மருத்துவமனைக் கட்டணமாகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்ற தொகை 9,100 டாலர். அதில் முதல் 2,500 டாலர் முழுவதும் உங்களுடையது. எஞ்சிய 6,600 டாலரில் 20 விழுக்காடான 1,320 டாலர் உங்களுடையது. ஆக 3,820 டாலர். இஓபியிலும் இதே எண்தான் அச்சாகியிருக்கிறது. மருத்துவர் குழுவுக்கு ஏற்ற தொகை 2,050 டாலர்; உங்கள் பங்கு 410 டாலர். அவர்கள் கேட்பதோ 6,975 டாலரும் 1,260 டாலரும். இஓபியைவிடப் பில்லில் தொகை அதிகமாக இருந்தால் அந்த வேறுபாட்டை ஒருபோதும் உடனே கட்டக் கூடாது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. வலி தணிந்து உடல்நிலை நிலைப்பட்ட பிறகு, இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் ஒப்புதல் படிவத்தில் உங்கள் மனைவி கையெழுத்திட்டாரா என்று தேடிப் பாருங்கள். நிலைப்படுவதற்கு முந்தைய அவசரச் சிகிச்சைக்கு அத்தகைய கையெழுத்து செல்லாது. மறுநாள் கண்காணிப்பில் இருந்த நேரத்துக்குச் சில நிபந்தனைகளோடு செல்லலாம். படிவம் இல்லையென்றால் கவலையில்லை.

மருத்துவமனைக்கும் மருத்துவர் குழுவுக்கும் தனித்தனியே கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது எதுவும் பின்னால் சாட்சிக்கு நிற்காது. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரும் பதிவு அஞ்சலிலேயே அனுப்புங்கள். ஒவ்வொரு பரிசோதனையும் மருந்தும் குறியீட்டோடு தனித்தனியாகப் பட்டியலிடப்பட்ட விவரப் பில் வேண்டும் என்று கேளுங்கள். இஓபியின் நகலை இணைத்து, சட்டத்தின் பெயரைச் சொல்லி, பில்லைத் திருத்தி அனுப்பக் கோருங்கள். பட்டியல் வந்ததும் அவசரப் பிரிவு வருகைக்கான குறியீட்டைப் பாருங்கள். 99281 முதல் 99285 வரை ஐந்து படிகள் உண்டு. படி ஏற ஏறக் கட்டணமும் ஏறும். உங்களுக்கு எது போடப்பட்டிருக்கிறது, மருத்துவக் குறிப்பு அதற்குப் பொருந்துகிறதா என்று கேட்கலாம். முப்பது நாளில் திருத்தம் வராவிட்டால் இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் மத்திய மெடிகேர் மற்றும் மெடிகெய்டு சேவை மையத்தில் இணையவழியே புகார் பதியுங்கள்.

ஆம்புலன்ஸ்தான் உண்மையில் சிக்கலானது; உங்கள் கோபம் முழுக்க நியாயமாவதும் இங்கேதான். விமான ஆம்புலன்ஸைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடாளுமன்றம், சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை வெளியே விட்டுவிட்டது. அதைப் பற்றி ஆராய ஒரு குழுவை மட்டும் அமைத்தது, அந்தக் குழுவும் தன் பரிந்துரைகளைக் கொடுத்துவிட்டது, சட்டம் வரவில்லை. நெஞ்சு வலியோடு 911 ஐ அழைப்பவரால் வண்டி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று கேட்க முடியுமா? டெக்சாஸ் மாநிலம் 2023 இல் தன் அளவில் ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஆனால் மாநிலக் கட்டுப்பாட்டுக்குள் வரும் காப்பீடுகளுக்கே அது பொருந்தும். உங்கள் காப்பீட்டு அட்டையில் டிடிஐ அல்லது டிஓஐ என்ற எழுத்துகள் இருந்தால் அது மாநிலத்துக்கு உட்பட்டது. உங்கள் அட்டையில் அவை இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனமே மருத்துவச் செலவைத் தன் பணத்திலிருந்து கொடுக்கிறது; அட்டையில் பெயருள்ள காப்பீட்டு நிறுவனம் கணக்கெழுதும் வேலையை மட்டும் செய்கிறது. மாநில அலுவலகம் உங்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பிளவுக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், அரசு சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியதால், ஆட்களைத் தக்கவைக்க விரும்பிய முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1954 வரிச் சட்டம் அதற்கு நிலையான வரிவிலக்குத் தந்தது. 1945 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காப்பீட்டைக் கண்காணிக்கும் வேலையை மாநிலங்களிடம் விட்டது. 1974 இல் வந்த எரிசா சட்டமோ, முதலாளிகள் தாமே பணம் போட்டு நடத்தும் திட்டங்களை மாநிலங்களின் கையிலிருந்து விலக்கி மத்தியத் தொழிலாளர் துறையிடம் கொடுத்தது. இன்று வேலைவழிக் காப்பீடு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த இரண்டாம் வகையில் இருக்கிறார்கள். தாங்கள் எந்த வகை என்பது பலருக்குப் பில் வரும் வரை தெரிவதில்லை. குடிமகன் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே இப்படி மறைந்து கிடப்பதை நான் மன்னிக்க முடியாத குறையாகவே கருதுகிறேன். உங்களுக்கான கதவு, தொழிலாளர் துறையின் கீழுள்ள எப்சா என்னும் ஊழியர் நலப் பாதுகாப்பு நிர்வாகம். அங்குள்ள நல ஆலோசகர்கள் கட்டணமின்றி உதவுகிறார்கள். அங்கும் தாமதமானால் உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மத்தியத் துறைகளில் தேங்கிய மனுக்களைத் தொடர்வதற்கென்றே அங்கே ஊழியர்கள் இருக்கிறார்கள். தவறாமல் வாக்களிக்கும் நீங்கள் அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆம்புலன்ஸ் தொகைக்காகக் காப்பீட்டுத் திட்டத்திடம் மேல்முறையீடு செய்யுங்கள். இஓபி கைக்கு வந்ததிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. அவசர நேரத்தில் வண்டியைத் தேர்ந்தெடுக்க வழியில்லாததால் நெட்வொர்க் கட்டணமாகவே இதைக் கணக்கிட வேண்டும் என்று எழுதுங்கள். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பணம் அவர்களுடையது என்பதால் அவர்கள் சொன்னால் முடிவு மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மருத்துவமனை லாபநோக்கற்றது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் 2010 ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டப்படி அதற்கு எழுத்து வடிவிலான நிதியுதவிக் கொள்கை இருந்தாக வேண்டும். முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாளுக்குள் வழக்கு முதலிய கடும் வசூல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. நாங்கள் ஏழைகள் இல்லையே என்று நினைத்து இதை ஒதுக்கிவிடாதீர்கள். நால்வர் குடும்பத்துக்கு 2025 ஆம் ஆண்டின் மத்திய வறுமைக்கோடு 32,150 டாலர். அதன் நான்கு மடங்கு, அதாவது 1,28,600 டாலர், வரை வருமானம் உள்ளவர்களுக்குப் பகுதித் தள்ளுபடி தரும் மருத்துவமனைகள் உண்டு. உங்கள் வருமானம் அதற்குக் கீழே இருக்கிறது.

திருத்தம் வந்த பிறகு, தள்ளுபடி எதுவும் கிடைக்காவிட்டாலும், 3,820 டாலரும் 410 டாலரும் சேர்ந்து 4,230 டாலர் ஆகும். மருத்துவச் செலவுக்கென்றே சேமிக்கும் உங்கள் ஹெச்எஸ்ஏ கணக்கில் 2,900 டாலர் இருக்கிறது. அதை வரியின்றி இதற்கு எடுக்கலாம். மீதி 1,330 டாலருக்கு வட்டியில்லாத் தவணை கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் பதில் எழுதுவது. 1977 ஆம் ஆண்டின் கடன் வசூல் முறைச் சட்டப்படி, அவர்களின் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் கடனை மறுத்து எழுதினால், ஆதாரம் அனுப்பும் வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆயிற்று என்கிறீர்கள். கடன் அறிக்கையைப் பற்றி இப்போதே பயப்பட வேண்டாம். அவரவர் கடன் வரலாற்றைத் தொகுத்து அந்த அறிக்கையைத் தரும் கிரெடிட் நிறுவனங்கள் மூன்றும் 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடனைக் காட்டுவதில்லை. அதற்கு மேற்பட்டதையும் ஓர் ஆண்டு கழிந்த பிறகே காட்டுகின்றன. மருத்துவக் கடனையே அறிக்கையிலிருந்து நீக்கும் விதி 2025 ஜனவரியில் இறுதியானது. ஜூலையில் டெக்சாஸிலுள்ள மத்திய நீதிமன்றம் அதை ரத்துசெய்துவிட்டதால் அதை நம்பி இருக்க முடியாது. டெக்சாஸில் சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தைப் பிடித்தம் செய்ய முடியாது, குடியிருக்கும் வீட்டையும் எடுக்க முடியாது. தொலைபேசியில் எவ்வளவு மிரட்டினாலும் ஒரு டாலர்கூட ‘நல்லெண்ணத் தவணை’யாகக் கொடுத்துவிடாதீர்கள். மறுப்புக் கடிதத்தின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் எனக்கு அனுப்பிவையுங்கள். மருத்துவமனையின் விவரப் பில் வந்ததும் குறியீடுகளைச் சேர்ந்தே பார்ப்போம்.