ஆயா சொன்ன சர்தாரும் பக்கத்து வீட்டுச் சர்தாரும்

கேள்வி: எங்கள் எள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே வெருலம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் சர்தாராக, அதாவது கூலி ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்தவர். ஆட்களுக்காகத் துரையையே எதிர்த்துப் பேசியவர் என்பார் ஆயா. அதே தோட்டத்து இன்னொரு குடும்பமோ, அவர் ஆட்களை அடித்தவர் என்கிறது. குடும்ப வரலாற்றில் எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுதுங்கள். யார் பொய் சொல்கிறார் என்று தேடாமல், சொல்பவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தார் என்று பாருங்கள். அப்போது ஒப்பந்தக் கூலிகளுக்கு முதல் வருடம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஒரு நாள் வராவிட்டால் பல தோட்டங்களில் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். யார் வரவில்லை என்று துரையிடம் சொல்வது சர்தார். அந்த வீட்டில் கதை, சம்பளம் வெட்டுப்பட்ட நாளில் தொடங்கும். உங்கள் வீட்டில் அவர் துரையிடம் வாதாடிய நாளில் தொடங்கும். ஆள் ஒருவர்தான்.

ஆயா இதை நேரில் பார்த்திருக்க முடியாது. யாரிடம் கேட்டார்? சர்தாரின் மகளிடமா, மருமகளிடமா? மருமகள் சொல்லும் மாமனார் வேறு ஆள்! ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்தில் 'யார் சொன்னது, யாரிடம் கேட்டது' என்று குறித்துவையுங்கள்.

இந்தியாவிலிருந்து வந்த கூலிகளின் கப்பல் பட்டியலும் ஒருவர் எழுதியதுதான். 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை, ஒன்றரை லட்சம் பேரைக் குமாஸ்தாக்கள் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், அங்க அடையாளம் என்று பதிந்தார்கள். முதலாளிக்கு வேண்டியது அவ்வளவுதான். ஏன் கப்பல் ஏறினார் என்று கேட்க அதில் கட்டமே இல்லை.

இங்கேதான் தரகர்கள் புகுந்துவிடுகிறார்கள். பட்டியலில் எத்தனையோ முனிசாமிகள். ஒருவரைப் பிடித்து வம்சமரம் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கேட்டால் ஜமீன் பரம்பரை என்றும் எழுதித் தருவார்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தந்த குடியேற்ற எண்ணைக் காட்டாதவருக்கு ஒரு ராண்டுகூடக் கொடுக்காதீர்கள். பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் அந்த எண் இருக்கும். கப்பல் பட்டியல்களை டர்பன் பக்கம் வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் நீங்களே பார்க்கலாம். அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டால் பதில் வருவதற்குள் ஆயாவுக்கே மறந்துவிடும். தரகர்களின் பிழைப்பே இந்தத் தாமதத்தில்தான் ஓடுகிறது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. தன் வீட்டுக்கே பாதகமாக ஒருவர் சொன்னால் அதற்கு எடை அதிகம். "எங்கள் தாத்தாவும் அடித்தார்தான்" என்று சர்தார் வீட்டுப் பேத்தி சொன்னால், அதில் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கும் அண்ணனுக்கும் வீட்டுப் பத்திரத்தில் தகராறு இருந்தால்? தாத்தாவைத் திட்டுவது அண்ணனைத் திட்டுவதாகவும் இருக்கலாம். தகராறுக்கு முன்னாலும் இதையே சொன்னாரா என்று வேறு உறவுக்காரரிடம் விசாரியுங்கள். சொல்லியிருந்தால் நம்பலாம். இல்லையென்றால் தகராறையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம், ஆயாவிடம் "அடித்தாரா?" என்று நேராகக் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் வரும். "அவருக்கு யாரைக் கண்டால் ஆகாது, ஏன்?" என்று கேட்டு, பதிலைப் போனில் பதிவுசெய்யுங்கள். அதே கேள்வியை அந்த வீட்டிலும் கேளுங்கள்.