கடல் காற்று என்று சொல்லி வாரண்டியை மறுக்கலாமா?

குளச்சலில் இருக்கிறீர்கள், கார் வாங்கி 14 மாதம், ஏசி கண்டென்சர் (காரின் முன்பக்கம் இருந்து ஏசி வாயுவைக் குளிர்விக்கும் பாகம்) கசிகிறது. ‘உப்புக்காற்றில் அரித்த துருவுக்கு வாரண்டி இல்லை’ என்கிறார் டீலர். இதுதானே பிரச்சினை?

முதலில் வாரண்டி கையேட்டில் விலக்குகள் பகுதியைப் படியுங்கள். வெளிச்சூழலால் வரும் அரிப்பைப் பல நிறுவனங்கள் விலக்கியிருக்கும். அப்புறம் கசிவு எங்கே என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டச் சொல்லி, படம் எடுங்கள். தகட்டில் கல் பட்ட பள்ளம் இருந்தால் வாரண்டி கேட்பதை விட்டுவிடலாம். குழாய் சேரும் இணைப்பில் கசிந்தால் அது தயாரிப்புக் குறையாக இருக்க வாய்ப்பு உண்டு, விடாதீர்கள்.

ஜாப் கார்டில் (காரை சர்வீஸுக்கு விடும்போது புகாரைக் குறிக்கும் சீட்டு) ‘ஏசி செக்’ என்று இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். போடாதீர்கள். குளிர் வரவில்லை, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை கிலோமீட்டரில் என்று முழுசாக எழுத வையுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும்போது இருக்கும் தைரியம் மின்னஞ்சலில் பாதியாகிவிடும்!

வாரண்டி தருவது தயாரிப்பு நிறுவனம், டீலர் அல்ல. அதனால் நிறுவனத்துக்கே நேரடியாக எழுதலாம். திருநெல்வேலியில் அதே நிறுவனத்தின் வேறொரு சர்வீஸ் சென்டரிலும் காட்டலாம். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்.

கடைசி வழி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.