ஆங்கிலச் செயப்பாட்டு வினைக்குப் பின் 'பை' மட்டும்தான் வர வேண்டுமா?

செய்தவரைப் பின்னுக்குத் தள்ளி, செயலுக்கு உள்ளானதை முன்னிறுத்திச் சொல்வதே செயப்பாட்டு வினை. ஆங்கிலத்தில் அதை அடுத்து வரும் 'பை', 'வித்', 'ஆஃப்' போன்ற சிறு சொற்கள், நாம் பெயரோடு ஒட்டும் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கின்றன.

குழப்பம் பிறப்பது நம்முடைய 'ஆல்' உருபில்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி புயலால் அழிக்கப்பட்டது, அங்கே தண்டவாளம் மணலால் மூடப்பட்டது, ஓலைக் கொட்டான் (சிறு கூடை) பனையோலையால் செய்யப்பட்டது என்று மூன்றுக்கும் ஒரே உருபை வைக்கிறோம். ஆங்கிலமோ புயலை வினை செய்ததாகக் கொண்டு 'டிஸ்ட்ராய்ட் பை' என்றும், மணலை மேலே பரவிக் கிடக்கும் பொருளாகக் கொண்டு 'கவர்ட் வித்' என்றும், ஓலையை மூலப்பொருளாகக் கொண்டு 'மேட் ஆஃப்' என்றும் பிரித்துச் சொல்கிறது. ('கவர்ட் பை' என்பதும் வழக்கில் உண்டு.)

மூலப்பொருளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கொட்டானில் ஓலை ஓலையாகவே தெரிவதால் 'மேட் ஆஃப்'. கருப்பட்டியில் பதநீர் காய்ச்சப்பட்டு உருமாறிவிடுவதால் 'மேட் ஃப்ரம்'. இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

'நோன் ஃபார்', 'மேரீட் டு' போன்றவை வழக்கால் நிலைத்த இணைகள். அவற்றைச் சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும்.

செயப்பாட்டு வினை என்றாலே 'பை' கட்டாயம் என்று பலர் நினைப்பது சரியன்று: பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது என்பதற்கு 'வாஸ் ஓபன்ட் இன்' போதும், திறந்தவரைச் சொல்லவே வேண்டியதில்லை.