ஆளைத் தடுக்க முடியாது, அழைத்துக்கொண்டவரைக் கேட்கலாம்

கேள்வி: கோவையில் ஏசி சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறேன். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்த ஒரு தனியார் மருத்துவமனை, அங்கே நான் அனுப்பிய மெக்கானிக்குகள் இருவரை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொண்டு, ஏஎம்சியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. வேலையை விட்டபின் 2 ஆண்டுகளுக்கு இதே வேலையை வேறெங்கும் பார்க்க மாட்டோம் என்று இருவரும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஐடிஐ சான்றிதழ்களும் என்னிடம் உள்ளன. தடையாணை வாங்கலாமா?

பதில்: முதலில் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள், சம்பள பாக்கி இருந்தால் அதையும். அவற்றைப் பிடித்து வைத்தால் உங்கள் மேல்தான் புகார் வரும்.

மெக்கானிக்குகள் மேல் தடையாணை கிடைக்காது. முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் எதுவும் செல்லும் என்ற நம்பிக்கை நம்மூரில் அழிய மாட்டேன் என்கிறது. ஒருவர் தன் தொழிலைச் செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவின்படி அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்குத் தடை போடலாம். 1967இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. விலகியபின் போடும் தடை நிற்காது. நோட்டீஸ் காலம் முடியாமல் போயிருந்தால் அதற்கான தொகையைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

மருத்துவமனை விஷயம் வேறு. ஏஎம்சி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ‘சேவை தருபவரின் ஊழியர்களை வேலைக்கு எடுக்கக் கூடாது’ என்று எங்காவது இருக்கிறதா? விப்ரோ–பெக்மன் கோல்ட்டர் வழக்கில் (2006), பெக்மனின் கருவிகளை இந்தியாவில் விற்றுவந்த விப்ரோவுக்கும் பெக்மனுக்கும் இடையே இப்படி ஒரு ஷரத்து இருந்தது. பெக்மன், தன் கருவிகளில் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. அது யாரைக் குறிவைத்தது என்று சொல்லவா வேண்டும்! இரு நிறுவனங்களுக்கு இடையிலான இந்த ஷரத்து 27ஆவது பிரிவில் அடிபடாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்ட ஊழியர்களை வெளியேற்றவில்லை. உங்களிடமும் ஷரத்து இருந்தால், மீறிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பல நேரம் பேச்சுவார்த்தையிலேயே முடியும். ஷரத்து இல்லையென்றால் இந்த இருவரை விட்டுவிடுங்கள்.

அடுத்த ஏஎம்சியில் இப்படி எழுதுங்கள்: ‘ஒப்பந்தக் காலத்திலும் முடிந்தபின் 12 மாதங்களுக்கும் எங்கள் ஊழியரை வேலைக்கு எடுத்தால், அவருடைய 3 மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை தர வேண்டும்.’ ஆசைப்பட்டு 10 லட்சம் என்று போட வேண்டாம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமானதையே நீதிமன்றம் தரும்.

சரி, பயிற்சி கொடுத்த செலவு? அதற்கு பாண்டு வாங்கலாம். விஜயா வங்கி வழக்கில் 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது வங்கி அதிகாரி. மெக்கானிக்குக்கு உண்மையில் செலவழித்ததை மட்டும் போட்டு, பயிற்சிக் கட்டண ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள்.